‘ஹெதர்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது?

கீழக்கரையிலிருந்து எழுதியிருக்கும் நீங்கள், ஸ்காட்லாந்தைக் களமாகக் கொண்ட ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதாகவும், அதில் ‘ஹெதர்’ என்ற சொல் நான்கு இடங்களில் வருவதாகவும், நான்கிலும் ஒரே பொருள் பொருந்தவில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஓரிடத்தில் அது மலைச்சரிவு முழுவதும் பூத்துக் கிடக்கிறது. ஓரிடத்தில் ஓர் இளைஞன் போட்டிருக்கும் கம்பளிச் சட்டையின் நிறமாகிறது. ஓரிடத்தில் அவனுடைய முன்னோர் ஒருவர் படைவீரர்களுக்குத் தப்பி ‘ஹெதருக்குள் போய்விட்டார்’ என்று வருகிறது. கடைசியில் அதே சொல் ஒரு கிழவியின் குடிசைக்குக் கூரையாகிறது. கையிலிருக்கும் அகராதி ‘ஒருவகைப் புதர்ச்செடி’ என்பதோடு நின்றுவிடுவதால், நம் கடற்கரைக்கு நெருக்கமான ‘நெய்தல்’ என்றோ மலைக்கு உரிய ‘குறிஞ்சி’ என்றோ போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். அதற்கான காரணத்தைச் சொல்ல, உச்சரிப்பில் தொடங்கிச் செடி வழியாகக் கொஞ்சம் சுற்றி வரவேண்டியிருக்கிறது.

முதலில் உச்சரிப்பு. எழுத்தைப் பார்த்து ‘ஹீதர்’ என்று எழுதுவோர் பலர் உண்டு. ‘ஹெதர்’ என்பதே சரி. நடுவில் வரும் ஒலி, ‘அது’, ‘கதை’ என்று நாம் சொல்லும்போது இரண்டு உயிர்களுக்கு இடையில் மென்மையாக ஒலிக்கும் தகரமேதான். ஆகையால் இந்தச் சொல்லை எழுதத் தமிழ் எழுத்து எந்தக் குறையும் வைக்கவில்லை. இதனோடு ஒட்டிய ‘ஹீத்’ என்ற சொல்லில்தான் நெடில் வருகிறது. வளைகுடாவுக்கும் இலண்டனுக்கும் போய்வரும் உங்கள் ஊர்க்காரர்கள் நாள்தோறும் சொல்லும் ‘ஹீத்ரோ’ விமான நிலையத்தின் பெயரில் இருப்பதும் அந்த ‘ஹீத்’தான். இன்று ஓடுபாதைகள் கிடக்கும் அவ்விடத்தில் முன்பு ஒரு சிற்றூர் இருந்தது. தரிசு வெளியை ஒட்டிய வீட்டு வரிசை என்பது அதன் பெயருக்குப் பொருள்.

இனிச் செடி. தாவரவியலார் இதைக் காலுனா வல்காரிஸ் என்று அழைக்கிறார்கள். எரிக்கேசியே குடும்பத்தைச் சேர்ந்த காலுனா என்ற பேரினத்தில் இருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே. 1753இல் லின்னேயஸ் இதை எரிகா என்ற பேரினத்தில்தான் வைத்திருந்தார், பிற்காலத்தார் பிரித்தெடுத்தார்கள். எரிகாவின் இலைகள் தண்டைச் சுற்றி வட்டமாக மூன்று நான்காக அமையும். காலுனாவின் இலைகளோ மீன் செதில் போல மிகச் சிறியவை, எதிரெதிராக நான்கு வரிசையில் தண்டோடு ஒட்டிக்கிடக்கும். பூவிலும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் பூவென்று பார்க்கும் ஊதா நிறத்தில் பெரும்பகுதி இதழ்களுடையது அன்று, அவற்றைவிட நீண்ட புல்லிவட்டத்தினுடையது. காகிதம் போன்ற அந்தப் புல்லிகள் காய்ந்த பிறகும் உதிராமல் கொம்பிலேயே நிற்பதால், பூத்து முடிந்த மலை உடனே மொட்டையாகிவிடாமல் செம்பழுப்பாக மாறிக் குளிர்காலம் வரை தெரியும். பொதுப் பேச்சில் காலுனாவையும், மணி வடிவப் பூவுடைய எரிகா இனங்கள் சிலவற்றையும் சேர்த்தே ஹெதர் என்கிறார்கள். எரிகாவில் 800க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவில் அன்றித் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் வளர்கின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

என் மகன் எடின்பரோவில் படித்த காலத்தில், ஓர் ஆகஸ்டு மாதம் அங்கே போயிருந்தபோது அந்தச் செடியை முதன்முதலாகப் பார்த்தேன். தூரத்தில் மலை முழுவதும் ஊதாச் சாயம் ஊற்றியது போல இருந்தது. கிட்டே போனால் முழங்காலுக்கும் எட்டாத, கம்பி போல முறுக்கேறிய குச்சிகள். காலை வைத்தால் சிறிது அமுங்கி, எடுத்தால் மறுபடி எழுந்துவிடும். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எந்த மலைப்பூவும் அல்ல. வாலிநோக்கத்து உப்பளங்களின் ஓரத்தில், வெயில் ஏற ஏறச் சிவந்துபோய்த் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் உமரிச் செடிகள்தான். இரண்டுக்கும் உறவு ஏதும் கிடையாது. ஆனால் மரம் நிற்க மறுக்கும் ஒரு மண்ணில், தாழ்ந்த செடி ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் பரவி, நிலத்துக்கே தன் நிறத்தைக் கொடுத்துவிடும் காட்சி என்பதில் உமரி வெளியைப் பார்த்தவருக்கு ஹெதர் மலையைப் புரியவைப்பது எளிது.

மண்ணைப் பொறுத்தவரை ஹெதர் மலையும் நம் கடற்கரையும் நேர் எதிர். ஹெதருக்குப் புளிப்பு மண் வேண்டும்; பாதி மக்கிய பாசியும் வேரும் நூற்றாண்டுகளாக அடைந்து கறுத்துப்போன, சத்தில்லாத மண்ணில் அது செழிக்கும். அதன் வேரோடு கூடி வாழும் ஒருவகைப் பூஞ்சைதான் அப்படிப்பட்ட மண்ணிலிருந்து தழைச்சத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. சுண்ணாம்பு அதற்கு ஆகவே ஆகாது. மண்டபத்திலும் இராமேசுவரம் தீவிலும் மணலுக்கு அடியில் கிடப்பது பழைய பவளப்பாறைச் சுண்ணாம்பு, காற்றில் உப்பு, வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யாராவது விதை வாங்கிக் கொடுத்தாலும் இங்கே போட்டுப் பார்க்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் ஹெதரின் உறவினர்களைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குப் போக வேண்டும். சோலை ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு என்ற ரோடோடெண்ட்ரான், எரிக்கேசியே குடும்பத்தது. ஊட்டிக்குப் போய்வருகிறவர்கள் மூட்டுவலிக்கென்று வாங்கி வரும் விண்டர்கிரீன் தைலத்துக்கு மூலமான செடியும் அதே குடும்பம்தான். ஆக, நம் வீட்டு அலமாரியிலேயே ஹெதருக்கு ஒரு தூரத்துப் பங்காளி இருக்கக்கூடும். மாறாக, நாற்றுப் பண்ணைகளில் ‘மெக்சிகன் ஹெதர்’ என்று தொட்டியில் விற்கப்படும் சிறிய ஊதாப் பூச்செடி ஹெதரே அல்ல. அது குபியா என்ற பேரினம், மருதாணியும் மாதுளையும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது.

சொல்லின் வரலாற்றுக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ‘ஹீத்’ என்பது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். உழப்படாத திறந்த வெளி என்ற பொருளும், அந்த வெளியில் வளரும் குறுஞ்செடி என்ற பொருளும் அதற்கு உண்டு. செருமானிய மொழியில் ‘ஹைடெ’ என்பதற்கும் அதே இரட்டைப் பொருள். ஹெதரின் கதை வேறு. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ‘ஹேடர்’, ‘ஹதிர்’ என்று பலவாறாக எழுதப்பட்டு வந்த ஒரு வட்டாரச் சொல், 18ஆம் நூற்றாண்டில் ‘ஹீத்’தோடு சேர்த்து எண்ணப்பட்டு, அதன் எழுத்தை வாங்கிக்கொண்டு இன்றைய வடிவத்துக்கு வந்தது. எழுத்து ‘ஹீத்’தைப் போல ஆனது, ஒலி ‘ஹீத்’தைப் போல நெடிலாகவில்லை. ‘ஹீதர்’ என்ற தவறான உச்சரிப்புக்கு வித்து அங்கேதான் விழுந்தது. பிற சமயத்தாரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய ‘ஹீதன்’ என்ற சொல்லும் ‘ஹீத்’தின் வழி வந்தது என்றே பெரும்பாலும் விளக்கப்படுகிறது: நகரங்களில் கிறித்தவம் பரவிய பிறகும் தரிசுவெளிகளில் பழைய தெய்வங்களை வணங்கிக்கொண்டிருந்தவர்கள் என்பது கருத்து. நாட்டுப்புறத்தான் என்று பொருள்பட்ட இலத்தீன் சொல் ஒன்று ‘பேகன்’ ஆனதும் இதே வழியில்தான்.

நிலத்துக்கும் செடிக்கும் ஒரே பெயர் என்பது தமிழருக்குப் புதிதன்று. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நம் முன்னோர் நிலத்தைப் பூவாலும் மரத்தாலும் அழைத்தார்கள். அதனால்தான் உங்களுக்கும் நெய்தல் என்று எழுதத் தோன்றியிருக்கிறது. தோன்றியது இயல்பு, எழுதினால் பிழை. நெய்தல் நீரில் பூக்கும் ஆம்பல் இனத்துப் பூ. அதோடு, அந்தச் சொல்லைக் கண்டவுடன் தமிழ் வாசகர் மனத்தில் கழியும், பரதவரும், இரங்கலும் எழுந்துவிடும். ஸ்காட்லாந்து மலைச்சரிவில் அவற்றுக்கு வேலை இல்லை. குறிஞ்சியிடம் ஏமாறுவது இன்னும் எளிது, ஏனென்றால் அதுவும் மலையை ஊதாவாக்குகிறது. ஆனால் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது, கடைசியாக 2018இல் பெருமளவில் பூத்தது. ஹெதர் ஆண்டுதோறும் கோடையின் முடிவில் பூப்பது. ‘ஒவ்வோர் ஆகஸ்டிலும் குறிஞ்சி பூத்தது’ என்று நீங்கள் எழுதினால் போடிநாயக்கனூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் உங்களுக்குக் கடிதம் எழுதுவார்.

இந்தச் சிக்கலில் நமக்கு முன்னரே மாட்டிக்கொண்டவர்கள் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள். எரேமியா 17ஆம் அதிகாரத்தில், மனிதனை மட்டுமே நம்பி இருப்பவன் பாலைவனத்துச் செடி ஒன்றுக்கு ஒப்பிடப்படுகிறான். 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தச் செடி ‘ஹீத்’ ஆகிவிட்டது. யூதேயாவின் வறண்ட வெளியில் ஹெதர் ஏது? எபிரேயச் சொல் குறிப்பது ஜூனிப்பர் வகைக் குறுமரம் என்பதே பலர் கருத்து. ஆங்கிலேயர் தங்கள் நாட்டுத் தரிசில் கண்ட செடியை அங்கே கொண்டுபோய் நட்டுவிட்டார்கள். நம்மிடையே வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்போ எந்தச் செடியின் பெயரையும் சொல்லாமல், ‘கறளையாய்ப்போன செடி’ என்று, வளர்ச்சி குன்றிய அதன் நிலையை மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொண்டது. அந்த வசனத்தின் பிற்பகுதியில் ‘உவர்நிலம்’ என்றும் வருகிறது. நம் கரையில் ஞாயிறு வழிபாட்டில் அதைக் கேட்கிறவர்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது. செடியின் பெயர் முக்கியமில்லாத இடத்தில் அதன் தன்மையைச் சொல்லிவிட்டுப் போவது என்ற இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் கதையில் ஓரிடத்தில் அது உதவும்.

பயன்பாடுகளில் ஹெதருக்கு நம்மூரில் ஈடு சொல்ல வேண்டுமென்றால் பனையைத்தான் சொல்ல வேண்டும். சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர், ஓலையைக் கூரைக்கும், நாரைக் கட்டிலுக்கும், ஈர்க்கை விளக்குமாற்றுக்கும், மட்டையை அடுப்புக்கும், பதநீரைக் குடிக்கவும் கருப்பட்டிக்கும் எடுத்துக்கொள்வதைப் போல, மரம் அரிதான ஸ்காட்லாந்து மலைநாட்டில் வாழ்ந்தவர்கள் ஹெதரை எடுத்துக்கொண்டார்கள். நீண்ட கொம்புகளை வேரோடு பிடுங்கிக் கூரை வேய்ந்தார்கள். முறுக்கிக் கயிறு திரித்து, அந்தக் கயிற்றாலேயே கூரையைக் கட்டினார்கள். கட்டாகக் கட்டிப் பெருக்கினார்கள். காலுனா என்ற அறிவியற்பெயரே ‘துடைத்துத் தூய்மையாக்குதல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, ஆகவே தாவரவியலில் விளக்குமாற்றின் பெயரைத் தாங்கி நிற்கும் செடி இது. பூந்தலைகள் மேலே பார்க்கும்படி நெருக்கமாக அடுக்கி மெத்தையாக்கிப் படுத்தார்கள். காய்ந்ததை எரித்தார்கள். இளந்தளிரையும் பூவையும் கொதிக்கவைத்து, மால்ட்டோடு சேர்த்துப் புளிக்கவைத்து ஒருவகை ஏல் மதுவும் காய்ச்சினார்கள். படிகாரம் சேர்த்துக் கம்பளியைச் சாயம் தோய்க்கவும் பயன்படுத்தினார்கள். பூ ஊதாவாக இருந்தாலும் அதிலிருந்து கிடைக்கும் சாயம் மஞ்சள்.

தேனைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் தேன் வளர்ப்போர் தங்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றி ஹெதர் மலைகளுக்குக் கொண்டுபோவார்கள். அந்தத் தேன் மற்ற தேன்களைப் போல வழியாது. அடையில் கூழாக உறைந்து நிற்கும். கலக்கினால் இளகும், விட்டுவிட்டால் மறுபடி கூழாகும். அதிலுள்ள புரதமே இதற்குக் காரணம். அதனால் சாதாரணத் தேன் எடுக்கும் சுழல் கருவியில் வைத்துச் சுற்றினால் மட்டும் வராது. அடையோடு பிழிய வேண்டும், அல்லது ஒவ்வொரு கண்ணறையிலும் ஊசிகளால் குத்திக் கலக்கிவிட்டுச் சுற்ற வேண்டும்.

இன்றைய பயன்பாட்டில் பெரியது வேட்டை. சிவப்புக் கிரவுஸ் என்ற காட்டுக்கோழி இளம் ஹெதர்த் தளிரைத் தின்று வாழ்வதால், மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆண்டுக்குச் சில துண்டுகளாக எரித்து, எப்போதும் ஏதாவது ஓரிடத்தில் தளிர் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஆகஸ்டு 12ஆம் நாள் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. ஊதா மலை இயற்கையின் கொடை என்று எண்ணிப் படம் எடுப்பவர்கள், அதில் பெரும்பகுதி தீயாலும் ஆட்டு மேய்ச்சலாலும் மரமாகவிடாமல் காக்கப்பட்ட நிலம் என்பதை அறிவதில்லை. ஹெதரின் உறவுச் செடி ஒன்று வேறொரு கைக்குப் போனதையும் சேர்த்துச் சொல்லலாம்: மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் மர ஹீத்தின் வேர்முண்டிலிருந்துதான் ‘பிரையர்’ புகைக்குழாய் கடைகிறார்கள். அந்தப் பெயர் முள்செடியைக் குறிப்பதன்று. ஹெதரைக் குறிக்கும் ‘புரூயேர்’ என்ற பிரெஞ்சுச் சொல் திரிந்தது.

நிறமும் துணியும் அடுத்தவை. ஆங்கிலத்தில் ஹெதர் என்று நிறத்தைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது சாம்பல் கலந்த வெளிர் ஊதா. ஆனால் துணிக்கடையில் அந்தப் பொருள் பெரும்பாலும் பொருந்தாது. கீழக்கரைக் கடைகளில் தொங்கும் பனியன்களின் சீட்டில் ‘ஹெதர் கிரே’ என்று நீங்களே படித்திருப்பீர்கள். அதில் ஊதாவின் சாயலே இருக்காது. அங்கே ஹெதர் என்பது நிறத்தின் பெயராக நில்லாமல், நிறம் கலந்திருக்கும் முறையின் பெயராகிவிட்டது. நூல் நூற்பதற்கு முன்பே பஞ்சின் ஒரு பங்குக்குச் சாயம் ஏற்றி, சாயம் ஏறாத பஞ்சோடு கலந்து நூற்றால், துணி ஒரே சீராக இல்லாமல் புள்ளியும் கீற்றுமாகத் தெரியும். திருப்பூர்க்காரர்கள் இதையே ‘கிரே மெலாஞ்ச்’ என்பார்கள். கலவை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. இந்த முறைக்கு ஹெதரின் பெயர் வந்ததற்குக் காரணம் ஸ்காட்லாந்தின் கம்பளித் துணி. ஹாரிஸ் ட்வீட் போன்ற துணிகளில் கம்பளியை நூற்கும் முன்பே பல நிறங்களில் தோய்த்துக் கலப்பதால், தூரத்தில் ஒரே நிறமாகவும் அருகில் பச்சை, பழுப்பு, ஊதா எனப் பலவாகவும் தெரியும். ஹெதர் மலையைத் தூரத்திலும் அருகிலும் பார்ப்பது போலவே.

வழக்குத் தொடர்கள் அதிகமில்லை. ‘ஹெதருக்குத் தீ வைத்தான்’ என்று ஸ்காட்லாந்தில் சொன்னால் ஊரையே கலக்கிவிட்டான் என்று பொருள். ‘ஹெதருக்குள் போனான்’ என்றால் அரசுக்குத் தப்பித் தலைமறைவானான் என்று பொருள். ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்கு அரியணையை மீட்டுத்தரக் கிளர்ந்து, 1746இல் ஸ்காட்லாந்தின் கல்லோடன் போரில் தோற்ற யாகோபியர்கள் பலர் மலைகளில் ஒளிந்து திரிந்ததை நினைத்தால் தொடர் விளங்கும். வெள்ளை ஹெதர் நற்பேறு தரும் என்ற நம்பிக்கைக்கு விக்டோரியா அரசியின் குடும்பம் பெரும் விளம்பரம் தந்தது: 1855இல் ஸ்காட்லாந்தில் அரசியின் மாளிகை இருந்த பால்மோரல் பகுதி மலையில் பிரஷ்ய இளவரசர் ஒரு வெள்ளைக் கொம்பைப் பறித்து அரசியின் மூத்த மகளிடம் கொடுத்தே தம் விருப்பத்தைத் தெரிவித்தார் என்று அரசி எழுதிவைத்திருக்கிறார்.

பறவை ஒன்றும் இந்தச் சொல்லுக்குள் தவறுதலாக நுழைந்திருக்கிறது. நம்மூரில் உள்ளான் என்று சொல்லும் நீண்ட அலகுப் பறவைக்கு ‘ஹெதர் பிளீட்’ என்று ஸ்காட்லாந்தில் ஒரு பெயர் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹேவர் பிளேட்’, அதாவது கிடா கத்துவது. ஆண்பறவை இனப்பெருக்கக் காலத்தில் வானிலிருந்து சரியும்போது அதன் வால் ஓர இறகுகள் அதிர்ந்து ஆடு கத்துவது போல ஒலிக்கும். கிடாவைக் குறித்த சொல் வழக்கொழிந்ததும், பறவை வாழும் இடத்திலிருக்கும் ஹெதரை மக்கள் அந்தப் பெயருக்குள் வைத்துவிட்டார்கள். பனிக்காலத்தில் சக்கரக்கோட்டைக் கண்மாய்ப் பக்கம் வரும் உள்ளானிடம் அந்த ஒலியைக் கேட்க முடியாது; அது வடக்கே, கூடு கட்டும் இடத்தில் மட்டும் எழுப்பும் ஒலி.

பெண்ணின் பெயராக ஹெதர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவத் தொடங்கி, 1970களில் அமெரிக்காவில் மிகுதியாக வைக்கப்பட்டது. ஹைடி என்ற பெயரை இதன் செருமானிய வடிவமாகச் சிலர் எண்ணுவது தவறு; அது அடெல்ஹைட் என்பதன் சுருக்கம். எரிகா என்ற பெண்பெயரும் எரிக் என்ற ஆண்பெயரின் பெண்பாலே தவிரச் செடியிலிருந்து பிறந்ததன்று.

இனி உங்கள் நான்கு இடங்கள். மலைச்சரிவில் ‘ஹெதர்’ என்றே எழுதுங்கள். முதல் முறை மட்டும் ‘முழங்காலளவு ஹெதர்ப் புதர்கள்’ என்று உருவத்தைச் சேர்த்துவிட்டால் அடிக்குறிப்பு தேவைப்படாது. சட்டையின் நிறத்துக்கு, நீங்கள் அனுப்பிய வாக்கியத்தில் கம்பளி பல நிறப் புள்ளிகளுடையது என்று அடுத்த வரியே சொல்வதால், ‘பல நிறம் கலந்து நூற்ற கம்பளி’ என்பதே பொருத்தம். ஊதா என்று எழுதினால் ஆசிரியர் சொல்லாத நிறத்தைச் சொல்லியவராவீர்கள். தப்பியோடிய முன்னோருக்குச் செடியின் பெயரே வேண்டாம். 1801இல் மருது சகோதரர்கள் ஒளிந்த காளையார்கோவில் காட்டைப் பற்றி நம் பக்கத்தில் எப்படிப் பேசுவார்களோ அப்படி, ‘காட்டுக்குள் இறங்கிவிட்டார்’ என்றால் வாசகர் பிடித்துக்கொள்வார். அங்கே மரக்காடு இல்லையே என்று உறுத்தினால் ‘மலைக்குள் மறைந்துவிட்டார்’ என்று எழுதுங்கள். கிழவியின் கூரையில் மட்டும் செடியும் வேண்டும், தொழிலும் வேண்டும். ‘ஹெதரால் மூடப்பட்ட கூரை’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் கூரையின் மேல் செடி முளைத்துக் கிடப்பதாகத் தோன்றுகிறது. பனையோலைக்கு உங்கள் தெருவில் வழங்கும் சொல்லையே எடுத்து, ‘ஹெதர் வேய்ந்த கூரை’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.